விட்டுவிட்ட மீன்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துப் பியூஜெட் சவுண்ட் கடற்கழியில், கயாக் என்னும் சிறு படகில் தனியே சென்று சால்மன் பிடிப்போர் உண்டு. தூண்டிலைப் பின்னே இழுபடவிட்டு மெல்லத் துடுப்பு வலிப்பர்.

இங்குள்ள சினூக் சால்மன், அச்சுறுத்தலுக்குள்ளான இனமென 1999-இல் சட்டப்படி அறிவிக்கப்பட்டது. பொரிப்பகக் குஞ்சுகளுக்கு, முதுகின் பின்புறமுள்ள சிறு கொழுப்புச் செட்டையைப் பெரும்பாலும் நறுக்கியே விடுகின்றனர். அது நறுக்கப்படாத சினூக்கைப் பொதுவாகப் படகில் ஏற்றாமல் நீரிலேயே விட்டுவிட வேண்டும். எளிதில் கழலும்பொருட்டு, தூண்டில் முள்ளில் எதிர்க்கூர் இருத்தலும் ஆகாது.

ஆளரவமற்ற நீர்ப்பரப்பில் இதை யார் கண்காணிப்பது என்று கேட்கலாம். அது எளிய கேள்வி. திருட்டு தவறென்று திருடனும் அறிவான். விட்டுவிட்ட மீன் பிழைத்ததா என்பதே கடினமானது. களைத்தும் செவுள் கிழிந்தும் பின்னர் மடிவன உண்டு. விசைப்படகில் உயரே நிற்பவர் அதை உணராதிருக்கலாம். கயாக்கில் இருப்பவரோ நீர்மட்டத்திலேயே அமர்ந்திருக்கிறார். மீனின் துடிப்பு அவர் படகையே இழுத்துத் திருப்புகிறது.

உணவுக்காகப் பிடிப்பதில் குறை காண நான் துணியேன். ஆனால், செட்டை நறுக்கப்படாதவையே அடுத்தடுத்து அகப்படும் இடமெனக் கண்ட பின்பும், சட்டம் தடுக்கவில்லையே என்று அங்கேயே சுற்றிச்சுற்றித் துடுப்பு வலிப்பவரை என்னென்பது? அவர் மீனை விளையாட்டுப் பொருளாக்கிவிட்டார் என்றே சொல்வேன். தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வேறிடம் செல்லுமாறு அவரை எந்த அதிகாரியும் கட்டாயப்படுத்த முடியாது.