கழித்த எண்ணும் கழிக்காத எண்ணும்

மருத்துவமனையை மரண விகிதத்தால் அளப்பது நியாயமா? சிக்கல் முற்றியபின் அனுப்பப்படுகிறவர்களையும் ஏற்கும் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையை, அப்படிப்பட்டவர்களைத் திருப்பியனுப்பும் ஒரு நர்ஸிங் ஹோமோடு ஒப்பிடுவது கணக்கே அல்ல. ஆகவே நோயின் கடுமையைக் கழித்துவிட்டு அளக்கிறார்கள். வறுமையையும் கழிக்கலாமா என்பதுதான் பிரச்னை.

நோயாளிகள் 30 நாட்களுக்குள் திரும்ப வந்து சேர்ந்தால் மருத்துவமனைக்கு அபராதம் என்று 2012இல் தொடங்கிய அமெரிக்க மெடிகேர், ஏழைகளை அதிகம் ஏற்கும் மருத்துவமனைகளை அவற்றை ஒத்தவற்றோடு மட்டும் ஒப்பிட 2019 நிதியாண்டில் முன்வந்தது. மருத்துவமனைக்கு அது நியாயம். எண்ணூரிலிருந்து வருகிறவளுக்கு? அவள் சாவு ‘எதிர்பார்த்ததே’ என்று கணக்கு நேராகிவிடும்.

கழித்த எண்ணால் டாக்டரை மதிப்பிடலாம். கழிக்காத எண்ணால் அரசை, நம்மை. இரண்டில் ஒன்றை மட்டும் அச்சிடுவது பொய்.