நழுவியவரை நிலைநிறுத்துவோம்



உப்பளத் தொழிலாளரும் மீனவரும் வாழும் மரக்காணம் கடற்கரையில், எக்கியார்குப்பம் பகுதியில், 2023 மே மாதம் மெத்தனால் கலந்த சாராயம் அருந்திப் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கள், ஊன், தேன் விலக்கிய நமக்கு இதில் என்ன பங்கு என அமைதல் முறையாகுமோ?

நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் ஒன்று ஸ்திதிகரணம். நெறியினின்று நழுவுவோரை மீண்டும் நிலைநிறுத்துதல் அது. மற்றொன்றான உபகூகனம் பிறர் குறையைத் தூற்றாமையே ஆகும். நோயை ஒளித்து வைப்பதன்று. நம் இல்லங்களிலும் மானத்திற்கு அஞ்சிக் குடிநோயை மறைப்போர் உளர்.

நிலைநிறுத்தல் இயலும் என்பதற்குக் கோவாவில் நிகழ்ந்த மருத்துவ ஆய்வு சான்றாகும். தீங்கு தரும் அளவில் குடித்துவந்த ஆடவருள் ஒரு சாராருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தது. மறுசாராருக்கு அதனுடன், மருத்துவரல்லாத, பயிற்சி பெற்ற எளிய மனிதர் சில அமர்வுகளில் ஆலோசனை அளித்தனர். மூன்று திங்களில் மீண்டோர் முன்னவருள் 26 விழுக்காடு. பின்னவருள் 36 விழுக்காடு. 2017இல் இம்முடிவை லான்செட் இதழ் வெளியிட்டது.

குடிக்கு முற்றும் அடிமையானோர்க்குச் சொல் மட்டும் போதாது. திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். மருத்துவர் துணை வேண்டும். குடி தரும் கிளர்ச்சியை மூளையில் தணிக்கும் நால்ட்ரெக்சோன் போன்ற மருந்துகளும் உள்ளன.

ஆதலின் யாம் வேண்டுவது இதுவே: இகழாது அருகமர்ந்து கேட்பது அபயதானம், கைப்பிடித்து மருத்துவரிடம் அழைத்துச் செல்வது ஔஷததானம். இவ்விரண்டையும் நம் வீட்டிலேயே தொடங்குவோமாக!

அறம் வளர்க!