மாக்கோழியும் மெய்நிகர் போரும்

விளையாட்டில் ஓர் உயிரைக் கொன்றால் அது கொலையாகுமா? கேட்டவுடன் இது இக்காலத்து வினா என்றே தோன்றும். பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் உணவுக்கு அமரும் முன்னரே கைப்பேசியில் ஒரு போர்க்களத்துள் நுழைந்து, பத்துப் பேரையாவது வீழ்த்திவிட்டுத்தான் கை கழுவ எழுகின்றனர். கண்களை முழுதும் மறைத்து அணியும் கருவியும் வந்துவிட்டது. அதை அணிந்தால் வீட்டுச் சுவரும் சாளரமும் மறைந்து, விளையாட்டின் உலகமே நாற்புறமும் சூழ்ந்து நிற்கும். தமிழில் இதனை மெய்நிகர் உலகம் என்பர். மெய்யன்று, ஆயினும் மெய்க்கு நிகர். இச்சொல்லை ஆக்கியவர் யாராயினும் வாழ்க. நாம் ஆராயப் புகும் பொருள் முழுவதும் இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியுள்ளது.

கல்லூரியில் பயிலும் எம் பேரன் வாசித்து முடித்து எம்மிடம் தந்த ஆங்கில நாவல் ஒன்றே இக்கட்டுரைக்குக் காரணம். அமெரிக்க எழுத்தாளர் ஆர்சன் ஸ்காட் கார்ட் 1985-இல் வெளியிட்ட 'எண்டர்ஸ் கேம்' என்பது அதன் பெயர். இளைஞர்கள் விரும்பி வாசிக்கும் அறிவியல் புனைகதைகளில் முன்வரிசையில் நிற்பது. ஹியூகோ, நெபுலா என்னும் இரு பரிசுகளையும் பெற்றது. எழுபது கடந்த கண்களுக்கு அச்சு சிறிது, பொருளோ பெரிது.

பூச்சியினத்தை ஒத்த வேற்றுலக உயிர்கள் இருமுறை மனிதரைத் தாக்கியுள்ளன. மூன்றாம் போருக்குத் தலைமை தாங்கத்தக்க சிறுவனைத் தேடுகிறது இராணுவம். எண்டர் என்னும் சிறுவனை ஆறு வயதில் தாய் தந்தையரிடமிருந்து பிரித்து, விண்வெளியில் மிதக்கும் போர்ப்பள்ளிக்குக் கொண்டு செல்கின்றனர். அங்கே பாடம் என்பதெல்லாம் விளையாட்டே. கணிப்பொறிக்குள்ளும் அவனுக்கென ஒரு விளையாட்டு உண்டு. அதில் ஓர் அரக்கன் இரு கோப்பைகளை நீட்டுவான்; எதைக் குடித்தாலும் சாவு. பலமுறை மாண்ட சிறுவன் ஒருநாள் கோப்பையைத் தள்ளிவிட்டு அரக்கனின் கண்ணைக் குடைந்து அவனைக் கொன்றுவிடுகிறான். ஆட்டத்தில் அது வெற்றி. அவனுக்கோ தன்னையே கண்டு அருவருப்பு உண்டாகிறது.

இறுதித் தேர்வு நாள் வருகிறது. திரையில் எண்ணற்ற பகைக்கலங்கள். அவற்றின் பின்னே ஒரு கோள். களைத்துப்போன எண்டர், இந்தப் பயிற்சியிலிருந்து தன்னை விலக்கிவிடட்டும் என்றே எண்ணி, எல்லா முறைமையையும் மீறி அந்தக் கோளையே அழித்துவிடுகிறான். அறையில் இருந்த தளபதிகள் கண்ணீர் சொரிந்து மகிழ்கின்றனர். அதன் பிறகே அவனுக்கு உண்மை சொல்லப்படுகிறது. அது தேர்வன்று. பல நாட்களாக அவன் ஆடியது எதுவுமே ஆட்டமன்று. அவன் கையசைவுக்கு ஏற்ப எங்கோ தொலைவில் மெய்யான கலங்கள் சென்று மெய்யான ஓர் இனத்தையே பூண்டோடு அழித்துவிட்டன. அப்போது அவன் பதினோரு வயதுப் பாலகன்.

இதை வாசித்து முடித்தபோது எம் நினைவுக்கு வந்தது யசோதர காவியம். ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றான அந்நூலின் கதையை வாசகர்கள் நன்கு அறிவர். உயிர்ப்பலி கொடுக்க மறுத்த யசோதர மன்னனிடம், உயிரில்லாத மாக்கோழியையாவது தேவிக்குப் பலியிடுக என்று தாய் சந்திரமதி வற்புறுத்துகிறாள். மன்னன் இசைந்து வெட்டுகிறான். வெட்டுண்டது மாவு. ஆயினும் தாயும் மகனும் மயிலாகவும் நாயாகவும் தொடங்கிப் பல விலங்குப் பிறவிகளில் உழன்று, தாமே கொலையுண்டு துன்புறுகின்றனர்.

இரண்டு கதைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். யசோதரன் கொலை என்று எண்ணிச் செய்ததில் உயிர் எதுவும் இல்லை. எண்டர் விளையாட்டு என்று எண்ணிச் செய்ததில் ஓர் இனமே மாண்டது. ஒன்றில் எண்ணம் உண்டு, உடல் இல்லை. மற்றொன்றில் உடல்கள் உண்டு, எண்ணம் இல்லை. நம் ஆசாரியர்கள் பாவ இம்சை, திரவிய இம்சை என்று பிரித்துக் காட்டியதற்கு இதனினும் தெளிவான இரட்டை எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் கூறும்போது, உயிர் பிரிவதை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. பிரமாதம் என்னும் விழிப்பின்மையை அதற்கு அடிப்படையாக வைத்தது. பார்த்து அடியெடுத்து வைக்கும் துறவியின் காலடியில் சிற்றுயிர் ஒன்று தற்செயலாக மாண்டால் அவருக்கு வினைக்கட்டு இல்லை. பாராமல் நடப்பவனுக்கோ எதுவும் மாயாவிடினும் கட்டு உண்டு என்பது நம் மரபு.

அப்படியானால் எண்டர் குற்றமற்றவன் என்று கைகழுவி விடலாமா? நாவலாசிரியர் அவ்வளவு எளிதாக விடவில்லை. அதனாலேயே இந்நாவலை மதிக்கிறோம். கோளை அழிக்கும் நொடியில், இத்தகைய கொடுஞ்செயலைக் கண்டால் இவர்கள் என்னைத் தலைவனாக ஏற்கமாட்டார்கள் என்பதே அவன் கணக்கு. விளையாட்டுத்தானே என்று அவன் எண்ணிய அதே வேளையில், விளையாட்டிலும் செய்யத்தகாதது ஒன்று உண்டு என்று அவன் உள்ளம் அறிந்திருந்தது. அறிந்தே செய்தான்.

எம் பேரன் இதற்கு உடன்படவில்லை. "சதுரங்கத்தில் யானையையும் குதிரையையும் வெட்டுகிறோமே பாட்டி, அதற்கும் மயில் பிறவியா?" என்று கேட்டான். நல்ல கேள்வி. சதுரங்கம் ஆடுபவன் யானை பிளிறுவதைக் கேட்க விரும்புவதில்லை. மரக்காய் மரக்காயாகவே இருக்கிறது. மனம் கணக்கில் இருக்கிறது. மாக்கோழியோ உயிர்க்கோழி போலவே தோன்ற வேண்டும் என்று விரும்பிச் செய்யப்பட்டது. இன்றைய போர் விளையாட்டுகளும் அவ்வாறே: குருதி குருதி போல் தெறிக்க வேண்டும், அலறல் அலறல் போல் கேட்க வேண்டும் என்பதே அவற்றின் விற்பனைச் சிறப்பு. நிகர்மை கூடக் கூட, நாம் விரும்புவது எது என்பதும் வெளிப்படுகிறது.

ஆனால் நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். ஆயிரம் முறை திரையில் சுட்ட பிள்ளைகள் தெருவில் நாய்க்குட்டிக்குப் பால் ஊற்றுவதையும் காண்கிறோம். விளையாடுபவரெல்லாம் கொலைஞராகிவிடுவர் என்ற கூச்சல் எமக்கு ஏற்புடையதன்று. அமெரிக்க உச்சநீதிமன்றமும் 2011-இல் அவ்வாதத்தை ஏற்கவில்லை. நம் நாட்டில் 2020 செப்டம்பரில் பப்ஜி தடை செய்யப்பட்டபோது, அதற்குக் கூறப்பட்ட காரணம் நாட்டின் இறையாண்மையும் பாதுகாப்பும். விளையாட்டினுள் நிகழும் கொலை அன்று.

எம் கவலை வேறு. ஆசிரியப் பயிற்சியில் எமக்கு முதலில் கற்பிக்கப்பட்டது விளையாட்டு வழிக் கல்வி. 1837-இல் ஜெர்மனியில் சிறுவர் பள்ளி தொடங்கிய பிரோபெலும், 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்த மாண்டிசோரி அம்மையாரும் எங்களுக்குப் பாடம். பல்லாங்குழியில் கூட்டலையும் பகிர்தலையும் கற்ற குழந்தை அதை மறப்பதே இல்லை என்பதை வகுப்பறையில் நாள்தோறும் கண்டோம். நன்மை கற்பிக்கும்போது விளையாட்டு ஆழப் பதியும் என்று சொல்லிவிட்டு, கொலை வரும்போது மட்டும் அது வெறும் விளையாட்டு என்று சொல்ல ஆசிரியருக்கு வாய் வராது. அமெரிக்கத் தரைப்படை 2002-இல் ஆள்சேர்ப்புக்காகவே ஒரு கணிப்பொறி விளையாட்டை வெளியிட்டு, 2022 வரை நடத்தியது. இந்த நாவலையே அந்நாட்டுக் கடற்காலாட்படை தம் வீரர்கள் வாசிக்க வேண்டிய பட்டியலில் சேர்த்தது. விளையாட்டின் வலிமையை அவர்கள் நன்கறிவர்.

நாவலில் எம்மை உறங்கவிடாமல் செய்தவர்கள் பகைவர் அல்லர். அந்தப் பள்ளியின் ஆசிரியர்களே. பகைவனை வெல்ல அவன் உள்ளத்தை உணரும் இரக்கம் வேண்டும். அத்தகைய இரக்கம் உடையவனோ அறிந்து அழிக்கமாட்டான். ஆகவே ஆட்டம் என்று பொய் சொல்லி அந்த இரக்கத்தை உறங்கவைத்தனர். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூவழியாலும் வினை சேரும் என்கிறோமே, செய்வித்தவர் பங்கு இங்கே மிகப் பெரிது. எம் மாவட்டத்துக் கழுகுமலையில் தீர்த்தங்கரர் திருவுருவங்களின் கீழே குரத்தியார் எனப்பட்ட பெண் ஆசிரியர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. மாணாக்கர் செயலில் ஆசிரியருக்கும் பங்குண்டு என்று எண்ணுகையில் அக்கல்வெட்டுகளை நினையாமல் இருக்க இயலவில்லை.

உடன்படுவோர் பங்குக்கு விண்வெளி வரை செல்ல வேண்டியதில்லை. எங்கள் கடற்கரையே போதும். தொல்காப்பியரின் மரபியல் சங்கையும் சிப்பியையும் ஈரறிவுயிராக வகுத்தது. தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நிகழ்ந்தது 1961-இல். கரை சேர்ந்த சிப்பிகள் ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும். வெயிலில் அழுகவிட்டு, கழுவி முத்தெடுப்பர். அந்த நாற்றத்தைச் சிறு வயதில் நுகர்ந்தவர்கள் இன்னும் எம் ஊரில் உள்ளனர். ஆனால் முத்துமாலை அணிந்தவர் கழுத்தில் அந்த நாற்றம் இல்லை. மூழ்கியவன் சிப்பியைக் கையால் தொட்டான். வாங்கியவர் வெண்மையை மட்டும் கண்டார். 1973-இல் இவ்வூரில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் செயற்கையாக முத்து விளைவித்ததும் பெருமையே. அம்முறையிலும் ஒரு சிப்பியின் சதைத் துணுக்கை வெட்டித்தான் மற்றொன்றினுள் வைக்க வேண்டும். திரைக்கு அப்பால் நிகழ்வதைக் காணாமல் பொத்தானை அழுத்திய எண்டருக்கும் நமக்கும் எவ்வளவு தொலைவு?

உண்மை அறிந்த பின் எண்டர் என்ன செய்தான் என்பதையும் சொல்லிவிடுவோம். அழிந்த இனத்தார், மனிதரில் தனித்தனியே ஒவ்வொருவருக்கும் உணர்வு உண்டு என்பதை அறியாமலே முதலில் கொன்றிருந்தனர். அறிந்தபின் மீண்டும் வரவில்லை. அவன் கணிப்பொறியில் ஆடிய அதே அரக்கன் உலகத்தை வேறொரு கோளில் மெய்யாகவே கட்டி, அதில் தம் இனத்தின் கடைசி அரசியை உயிர்க்கூட்டுக்குள் விட்டுச் சென்றிருந்தனர், அவன் கண்டுகொள்வான் என்று. அவன் கண்டுகொண்டான். அவர்கள் வரலாற்றை அவர்கள் நிலையில் நின்று எழுதினான். அந்தக் கூட்டைச் சுமந்துகொண்டு, அது அச்சமின்றிப் பொரிக்கத்தக்க இடம் தேடிப் புறப்பட்டான்.

1986-இல் வந்த இரண்டாம் நூலையும் பேரன் கொண்டுவந்து தந்திருக்கிறான். மூவாயிரம் ஆண்டு கடந்தும் எண்டர் அந்தக் கூட்டுடன் அலைகிறானாம். வாசித்துக்கொண்டிருக்கிறோம்.