ஆதிப்புள்ளி யாருடையது?

நான் எம்.ஏ. தமிழ் படித்தவள். எனக்குக் கணக்கு வராது என்று எட்டாம் வகுப்பிலேயே ஒரு வாத்தியார் முடிவு கட்டிவிட்டார். அப்படிப்பட்ட நான்தான் மூன்று வருஷமாக விழுப்புரம் பக்கத்தில் எங்கள் காலனி சமுதாயக் கூடத்தில், ராத்திரி ஏழு மணிக்கு மேல், ஒன்பதாவது பத்தாவது பிள்ளைகளுக்குக் கணக்கு நடத்துகிறேன். வேறு ஆள் கிடைக்கவில்லை. முதல் நாள் ராத்திரி நான் படிப்பேன், மறுநாள் அவர்களுக்குச் சொல்லித் தருவேன். தப்பு வந்தால் சேர்ந்தே அழிப்போம்.

ஆயத்தொலை வடிவியல் ஆரம்பித்த அன்று புத்தகத்தை மூடி வைக்கச் சொன்னேன். 'வரைபடத் தாளில் நம்ம ஊரை வரையுங்க. ஒரு கட்டத்துக்கு நூறு மீட்டர். முதல்ல ஆதிப்புள்ளியக் குறிங்க. அது எங்க இருக்கணும்ங்கறது உங்க இஷ்டம்' என்றேன். பதினோரு பிள்ளைகள். பதினோரு பேரும் ஊர்த்தெரு மாரியம்மன் கோயிலைத்தான் பூஜ்ஜியத்தில் வைத்தார்கள். அந்தக் கோயில் வாசல்படியை அவர்களில் ஒருத்தரும் மிதித்ததில்லை.

கோயிலிலிருந்து மேற்கே மூன்று கட்டம், தெற்கே நான்கு கட்டம் போனால் எங்கள் வேப்பமரம். (-3, -4). மூன்றாம் கால்பகுதி. ஒரு பெண் கையைத் தூக்கினாள். "அக்கா, நாம மட்டும் ஏன் ரெண்டு பக்கமும் மைனஸ்ல இருக்கோம்?"

இந்தக் கேள்விக்குப் பாடப்புத்தகத்தில் பதில் இருக்கிறது. வடிவியலையும் இயற்கணிதத்தையும் கோர்த்து தெகார்த் எழுதிய நூல் 1637இல் வந்தது. அந்த வழியில் வளர்ந்த இன்றைய கணிதத்தில் ஆதிப்புள்ளி என்பது பூமியில் நட்ட கல் கிடையாது. வரைகிறவர் வைக்கிற இடம்தான் ஆதி. 'கோயில்தான் பூஜ்ஜியம்னு யார் சொன்னது? வேப்பமரத்துல வைங்க' என்றேன். வைத்தார்கள். கோயில் (3, 4) ஆகிவிட்டது. "ஊருதான்டா இப்ப நம்மகிட்டேர்ந்து தள்ளி இருக்குது!" என்று ஒரு பையன் கத்தினான். கூடமே சிரித்தது. எனக்கும் பெருமைதான்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. அவள் தூரத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். மூன்றின் வர்க்கம் ஒன்பது, நான்கின் வர்க்கம் பதினாறு, கூட்டினால் இருபத்தைந்து, வர்க்கமூலம் ஐந்து. முன்னாலும் ஐந்துதான், இப்போதும் ஐந்துதான். "குறிதான் மாறிச்சு அக்கா. ஐந்நூறு மீட்டர் அப்படியேதான் கிடக்குது."

தொண்ணூறுகளில் நம் இதழ்கள் மையம், விளிம்பு என்று எவ்வளவோ எழுதின. கல்லூரியில் பழைய இதழ்களைத் தேடித் தேடி வாசித்தவள் நான். மையத்தைக் கலைப்போம், விளிம்பிலிருந்து பேசுவோம் என்ற வாதங்கள்தான் என்னை நிமிர்த்தின. அவற்றை நான் கைவிடவில்லை. தன்னை மைனஸ் என்று நம்புகிறவள் ஒரு அடிகூட எடுத்து வைக்க மாட்டாள். ஆனால் ஆதிப்புள்ளியை நகர்த்தியதாலேயே தூரம் குறைந்துவிட்டதாக நாமே நம்பிக்கொண்ட காலமும் உண்டு. நிலம் நகரவில்லை, சுடுகாட்டுப் பாதை நகரவில்லை. ஒரு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை இதை வர்க்கமூலம் போட்டுக் காட்டிவிட்டாள்.

இந்த உற்சாகத்தில் அடுத்த வாரம் நான் ஒரு தப்பு செய்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே.

குறை எண்களுக்கு 628இல் விதி எழுதிய பிரம்மகுப்தர், மிகை எண்ணைச் செல்வம் என்றும் குறை எண்ணைக் கடன் என்றும் சொன்னார். கடனை எங்கள் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை. அப்பன் வயது மகன் வயதைப்போல் மூன்று மடங்கு என்ற கணக்கை விட்டுவிட்டுச் செங்கல் சூளைக் கணக்கைப் பலகையில் எழுதினேன். முன்பணம் 30,000 ரூபாய். ஒரு குடும்பம் ஒரு நாளைக்கு ஆயிரம் கல் அறுக்கிறது. கூலி 800. சாப்பாட்டுச் செலவுக்கு 300 போக, 500 கடனில் கழிய வேண்டும். எத்தனை நாளில் கடன் தீரும்? 500 எக்ஸ் = 30,000. எக்ஸ் = 60.

கடைசி வரிசையில் ஒரு பையன் இருந்தான். அவன் அப்பா ரெண்டு சீசனாகச் சூளைக்குப் போகிறார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். 'அறுபது நாள்ல தீர வேண்டிய கடன் ரெண்டு வருஷமா ஏன் தீரல?' என்று நானே கேட்டேன். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது என்பதையும் சொன்னேன். நல்ல வகுப்பு நடத்தினோம் என்ற நினைப்பில் வீட்டுக்குப் போனேன்.

நாலு நாள் அவன் வரவில்லை. தேடிப் போனேன். "அக்கா, பள்ளிக்கூடத்துல கணக்குப் பீரியடுலதான் நான் நிம்மதியா இருப்பேன். எக்ஸ் எந்தத் தெரு, யார் ஊட்டுப் புள்ளன்னு யாரும் கேக்க மாட்டாங்க. அதுலயும் எங்கப்பாவக் கொண்டாந்து நிறுத்திட்டியே" என்றான்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நம் இலக்கியமே சாட்சியம் என்று மேடையில் பேசுகிறவள் நான். ஆனால் சாட்சியம் சொல்கிறவன் தானாகக் கூண்டில் ஏற வேண்டும். அவனைக் கேட்காமல் நான் ஏற்றியிருந்தேன். பெயரும் தெருவும் ஒட்டிக்கொண்டே திரிகிற பிள்ளைக்கு, பெயரில்லாத ஒரு எழுத்து எவ்வளவு பெரிய நிழல் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பொதுமை என்பது மேல்தட்டுக்காரன் வித்தை என்று சுலபமாக எழுதிவிடுகிறோம். அந்தப் பொதுமையில் ஒதுங்க நமக்கும் உரிமை உண்டு.

அப்படியென்றால் பாடப்புத்தகக் கணக்கு மட்டும் போதுமா? அதுவும் இல்லை. எக்ஸுக்குச் சாதி கிடையாது. அதை எழுதுகிற பலகைக்கு இருந்தது. பள்ளியில் ஒரு கணக்கைப் போட அம்பேத்கரைப் பலகைக்குக் கூப்பிட்டதும், அதன் பின்னால் வைத்திருந்த சோற்று டப்பாக்கள் தீட்டாகிவிடும் என்று மற்ற மாணவர்கள் பாய்ந்து ஓடி எடுத்ததைத் தனஞ்சய் கீர் பதிவு செய்திருக்கிறார். பலகையைப் பற்றிப் பேசாமல் எக்ஸைப் பற்றி மட்டும் பேசுவது பாதி உண்மைதான்.

அமெரிக்காவில் பாப் மோசஸ் என்றொரு கறுப்பினப் போராளி இருந்தார். 1961இல் மிசிசிப்பிக்குப் போய், அடி உதை வாங்கிக் கறுப்பின மக்களை வாக்காளராகப் பதிவு செய்ய வைத்தவர். அவரே 1982இல் இயற்கணிதத் திட்டத்தைத் தொடங்கினார். அன்றைக்கு வாக்குரிமை எப்படியோ அப்படி இன்றைக்கு இயற்கணிதம், அது இல்லாதவன் புதிய அடிமை என்பது அவர் வாதம். 2021இல் இறக்கும்வரை அதை விடவில்லை. கூட்டல் கழித்தல் எண்களைச் சொல்லித்தரப் பிள்ளைகளை ரயிலில் ஏற்றிக்கொண்டு போவார். போய்வந்ததைப் பிள்ளைகள் தங்கள் வார்த்தையில் சொல்வார்கள், படம் வரைவார்கள். குறியீடு கடைசியில்தான் வரும். நான் தலைகீழாகச் செய்திருக்கிறேன். பையனின் அனுபவத்தை என் வார்த்தையில் நானே பலகையில் எழுதிவிட்டேன். ஆதிப்புள்ளியை வரைகிறவர்தான் வைக்க வேண்டும் என்று முதல் வாரம் சொல்லிக் கொடுத்தவளே, இரண்டாம் வாரம் அவனுக்காக வைத்துவிட்டேன்.

இப்போது வகுப்பில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். புத்தகக் கணக்கு முதலில், சுத்தமாக, ஊர் பேர் இல்லாமல். பிறகு விரும்புகிறவர் தன் கணக்கைக் கொண்டுவரலாம். கொண்டுவராதவரை யாரும் கேட்கக்கூடாது.

அந்தப் பையன் திரும்பி வந்தான். கொஞ்ச நாள் கழித்து, எல்லோரும் போன பிறகு, மடித்து வைத்திருந்த ஒரு சின்ன நோட்டை எடுத்தான். அவன் அப்பாவின் சூளைக் கணக்கு. "இதுல எங்க இடிக்குதுன்னு பாக்கலாமாக்கா?" என்றான். உட்கார்ந்தோம். மழையில் கரைந்த கல்லுக்குக் கூலி இல்லை. அறுத்ததற்கும் எழுதியதற்கும் நடுவே ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் காணாமல் போயிருந்தது. சமன்பாட்டை அவன்தான் எழுதினான். நான் பென்சில் சீவிக் கொடுத்தேன்.

ஐந்நூறு மீட்டர் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அளக்கத் தெரிந்த பிள்ளைகள் பதினோரு பேர் இருக்கிறார்கள்.