லென்சும் நிற்கும் இடமும்

புகைப்படக் கருவி பொய் சொல்லாது என்பது நம்மிடையே வேரூன்றிவிட்ட நம்பிக்கை. எழுதுகிறவன் மிகைப்படுத்தலாம், வரைகிறவன் தன் விருப்பம்போல் கோடிழுக்கலாம்; புகைப்படமோ இருந்ததை இருந்தவாறே காட்டும் என்று எண்ணுகிறோம். ஆனால் தொழில் பழகியவர்கள் ஒரே காட்சியை மூன்று லென்சுகளால் எடுத்து, மூன்று வேறு செய்திகளைச் சொல்ல வைத்துவிடுவர். இதில் கலை எங்கே முடிகிறது, அநீதி எங்கே தொடங்குகிறது என்பதை எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

இதற்குக் கம்பம் பள்ளத்தாக்கைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது. சுருளி அருவிக்குச் செல்லும் வழியிலுள்ள சுருளிப்பட்டியைச் சுற்றிலும், கல் தூண்களின்மேல் கம்பி இழுத்துக் கட்டிய திராட்சைப் பந்தல்கள். அவற்றின் பின்னே மேகமலைத் தொடர். 1832ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் குரு ஒருவர் வழியாகத் தமிழகத்துக்கு வந்ததாகச் சொல்லப்படும் பன்னீர் திராட்சைதான் இங்கே பெயர்பெற்ற பயிர். 2023இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு தோட்டத்தில் அறுவடை நடப்பதால் படமெடுக்க வருவோருக்கும் பஞ்சமில்லை.

பந்தலின் ஓரத்தில் ஒரு பெண் நின்று, அண்ணாந்து, குலைகளைக் கத்தரித்துக் கூடையில் இடுகிறார் என்று கொள்வோம். அவருடைய முழு உருவமும் படத்தை நிரப்ப வேண்டும். 35 மி.மீ. படச்சுருள் கருவியில் 28 மி.மீ. அகலக்கோண லென்சை மாட்டினால், ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் தொலைவுக்குச் சென்றாக வேண்டும். 50 மி.மீ. லென்ஸ் என்றால் இரண்டரை மீட்டர். 200 மி.மீ. டெலி லென்ஸ் என்றால் பத்து மீட்டருக்கு அப்பால் நின்றே எடுத்துவிடலாம். மூன்று படங்களிலும் பெண்ணின் உயரம் ஒன்றே. பின்னாலுள்ள மலையோ, முதற்படத்தில் இருந்ததைப்போல் ஏழு மடங்கு பெரிதாக மூன்றாம் படத்தில் எழுந்து நிற்கும். முதற்படத்தில் குலையும் அதைப் பற்றிய விரல்களும் பெரியவை. மலை வெறும் கோடு. மூன்றாம் படத்தில் மலையே எல்லாம். பெண் அதன் அடியில் வைத்த ஓர் அலங்காரம். நாட்காட்டிகளில் நாம் காணும் அழகிய பள்ளத்தாக்கு பெரும்பாலும் இந்த மூன்றாம் வகையைச் சேர்ந்தது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். டெலி லென்ஸ் தூரத்தைச் சுருக்குகிறது, அகலக்கோண லென்ஸ் விரிக்கிறது என்று வழக்கமாகச் சொல்வார்கள். உண்மையில் முன்னுள்ள பொருளும் பின்னுள்ள பொருளும் ஒன்றுக்கொன்று எந்த அளவில் தெரியும் என்பதைத் தீர்மானிப்பது நாம் நிற்கும் இடம் மட்டுமே. பத்து மீட்டர் தொலைவில் நின்று அகலக்கோண லென்சால் எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கினால், தெளிவு குறைந்திருக்கும். ஆனால் டெலி லென்ஸ் காட்டிய அதே பெண்ணும் அதே மலையும் அதே அளவில் இருப்பர். லென்ஸ் கலைஞனிடம் ‘கிட்டப் போ’ என்றோ ‘அங்கேயே நில்’ என்றோ சொல்கிறது, அவ்வளவே. ஒருவரது பாணி என்று நாம் கொண்டாடுவதில் பெரும்பகுதி, அவர் மனிதரிடமிருந்து எத்தனை அடி தள்ளி நிற்கப் பழகியிருக்கிறார் என்பதில் அடங்கிவிடுகிறது.

பிரெஞ்சுக் கலைஞர் ஆன்றி கார்த்தியே பிரெசோன் பெரும்பாலும் லைக்கா கருவியும் 50 மி.மீ. லென்சுமாகவே வாழ்நாளைக் கழித்தார். 1948 ஜனவரி 30 அன்று, காந்தியடிகள் கொலையுண்பதற்குச் சற்று முன் அவரைச் சந்தித்தவர். 1950 ஏப்ரலில் இரமண மகரிஷி மறைந்தபோது திருவண்ணாமலையில் இருந்தவர். அவருடைய படங்களில் மனிதர் மிகப் பெரிதாகவும் தெரிவதில்லை, மலைக்கடியில் காணாமற்போவதும் இல்லை. பேசிக்கொண்டிருக்கும் இருவருக்கு இடையே உள்ள தொலைவு அது.

நம் பக்கத்து மதுரையின் பழனிக்குமார் வேறு வகை. மீன் விற்ற தாயின் மகன். 2017இல் வெளிவந்த ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். கையால் மலம் அள்ளும் தொழிலில் மாண்டவர்களின் குடும்பங்களையும், தம் தாயையும் படமாக்கியவர். ஒரு தாயின் களைப்பை வரப்பின் மறுபுறமிருந்து திருடி எடுத்துவிட முடியாது என்பதே நம் எண்ணம்.

திருடி என்று சொன்னோம்; சற்றுக் கடுமையான சொல்தான். ஆனால் ஒன்றரை மீட்டரில் நிற்கும் கலைஞன் பேசியாக வேண்டும். “அக்கா, ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா?” என்று கேட்டாக வேண்டும். அந்தப் பெண் வேண்டாம் என்று சொல்லலாம், முந்தானையைச் சரிசெய்துகொள்ளலாம், “அந்தப் படத்தை என்ன செய்வீங்க?” என்று திருப்பிக் கேட்கலாம். பத்து மீட்டர் தொலைவு இந்த உரிமைகள் அத்தனையையும் ஓசையில்லாமல் பறித்துவிடுகிறது. எரிகோ சாலையில் அடிபட்டுக் கிடந்தவனை மூவருமே கண்டனர் என்கிறது நற்செய்தி. இருவர் மறுபக்கமாக விலகிப் போயினர். ஒருவர் அருகே வந்தார்.

அதற்காகக் கிட்டச் செல்வதே அன்பு என்று முடிவுகட்டிவிடலாகாது. அரை மீட்டரில் நின்று எடுத்தால் மூக்கு புடைத்து, காதுகள் பின்வாங்கி, எந்த முகமும் கேலிச்சித்திரமாகிவிடும். இன்று எல்லார் கையிலுமுள்ள கைப்பேசிகளின் முதன்மை லென்ஸ், பழைய கணக்கில் 24 முதல் 26 மி.மீ. வரையிலான அகலக்கோணந்தான். தம் முகம் படத்தில் நன்றாக வருவதில்லை என்று வருந்தும் இளையோர் பலருக்குக் குறை முகத்தில் இல்லை, கையின் நீளத்தில்தான்! முகப்படம் எடுப்போர் 85 முதல் 105 மி.மீ. வரையிலான லென்சைத் தேர்ந்து, ஒன்றரை இரண்டு மீட்டர் விலகி நிற்பதன் காரணமும் இதுவே.

தொலைவு ஒரு கூட்டத்தின்மேலேயே பழி சுமத்தவும் கூடும். 2020 ஏப்ரலில், பெருந்தொற்றின் தொடக்கத்தில், கோபன்ஹேகனில் ரிட்ஸாவ் ஸ்கான்பிக்ஸ் என்னும் செய்திப்பட நிறுவனத்தின் கலைஞர் இருவர் ஒரு சோதனை செய்தனர். வரிசையில் இடைவெளி விட்டு நின்ற மக்களை நெடுந்தொலைவில் வரிசைக்கு நேராக நின்று டெலி லென்சால் எடுத்தபோது, தோளோடு தோள் உரச நிற்பதுபோல் தோன்றினர். அருகே வேறு கோணத்திலிருந்து அகலக்கோண லென்சால் எடுத்தபோது, இடைவெளி முழுவதும் தெரிந்தது. இரண்டு படங்களிலும் ஒட்டுவேலை கிடையாது. முதற்படத்தைக் கண்டவர் அம்மக்களைப் பொறுப்பற்றவர் என்பார். இரண்டாவதைக் கண்டவர் ஒழுங்கறிந்தவர் என்பார். நம் ஊர்ச் சந்தைகளின் படங்களும் அந்நாட்களில் செய்தித்தாள்களில் நிறைய வந்தன. உண்மையிலேயே நெருக்கியடித்தவர்களும் இருந்தனர். ஆனால் எந்தப் படம் எந்தத் தொலைவிலிருந்து எடுக்கப்பட்டது என்று எந்த நாளேடும் அடியில் அச்சிட்டதாக நாம் காணவில்லை.

நீண்ட லென்சுக்கும் நியாயமான இடம் உண்டு. சுருளி அருவிப் பக்கம் யானைகள் வரும்போது வனத்துறையினர் பயணிகளை உள்ளே விடுவதில்லை. 2021இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட மேகமலைக் காடுகளில், கிட்டச் செல்லும் கலைஞன் விலங்குக்கும் தனக்கும் கேடு செய்கிறான். அடக்கத் திருப்பலியிலும் அப்படியே. மகனைப் பறிகொடுத்த தாயின் முகத்தருகே அகலக்கோண லென்சை நீட்டுகிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். விவரமறிந்த கலைஞர் கோவிலின் கடைசித் தூணருகே, கண்ணில் படாமல் நிற்பார். குடும்பத்தாரிடம் முந்தின இரவே ஒரு வார்த்தை கேட்டிருப்பார். பெட்டியை மூடும் நேரத்தில் கருவியைக் கீழே இறக்கியும் விடுவார்.