கழற்றி மாட்டுவது

மில்வாக்கியில் மகள் வீட்டில் தங்கியிருந்த கோடையில், பக்கத்து வீட்டுக்காரர் தன் மோட்டார் சைக்கிளின் உடையைக் களைவதைப் பார்த்தேன். அப்படித்தான் சொல்ல வேண்டும். பின்சக்கரத்தின் இரு பக்கமும் கறுப்பாகப் பளபளத்த பெட்டிகளில் ஒன்றின் மூடியைத் திறந்தார். உள்ளே கையை விட்டு ஒரு குமிழைத் திருகினார். பெட்டி அப்படியே கையோடு வந்துவிட்டது. மற்றதும் அதேபோல. பிறகு முன்னால் போய், விளக்குக்கு மேலே நின்ற பெரிய கண்ணாடியின் இரு பக்கக் கம்பிக் கொண்டிகளை விரலால் நெம்பி, ஒரு இழு இழுத்தார். ஸ்பேனர் இல்லை, ஸ்குரூ டிரைவர் இல்லை. என் கையிலிருந்த காபி ஆறுவதற்குள், ஊர் ஊராகப் போகிற வண்டி தெருவில் மிடுக்காகச் சுற்றுகிற வண்டியாகிவிட்டது.

அது ஹார்லி டேவிட்சனின் டைனா ஸ்விட்ச்பேக். 2012 மாடலாக வந்து 2016 மாடலோடு நின்றுபோனது. ஸ்விட்ச்பேக் என்றால் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவு. திரும்ப மாறுவது என்ற பொருளும் அதற்குள் ஒளிந்திருக்கிறது. பெயர் வைத்தவர் விவரமானவர்தான். இந்த யோசனை ஒன்றும் புதிதல்ல. 1989-லேயே அதே நிறுவனம் ‘கன்வெர்டிபிள்’ என்ற பெயரிலேயே கண்ணாடியும் பையும் கழற்றக்கூடிய வண்டியை விற்றிருக்கிறது.

இதன் வேடிக்கை புரிய வேண்டுமென்றால் பழைய சண்டையைத் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய அமெரிக்க இளைஞர்களில் சிலர், கனத்த வண்டிகளின் முன் மட்கார்டைக் கழற்றிப் போட்டார்கள். பின் மட்கார்டைக் குட்டையாக நறுக்கினார்கள். அடுத்த தலைமுறை அதோடு நிற்கவில்லை. ஹேண்டில் பொருந்தும் கழுத்தையே வெட்டி, கோணத்தை மாற்றிப் பற்றவைத்து, முன்ஃபோர்க்கை நீட்டியது. அதுதான் சாப்பர். பெட்டியும் கண்ணாடியுமாக எதிரே வரும் வண்டியை அவர்கள் ‘குப்பை வண்டி’ என்று கேலி செய்தார்கள்.

1969-இல் வந்த ‘ஈஸி ரைடர்’ படத்தின் சாப்பர்கள், லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸ்காரர்கள் ஓட்டிக் கழித்து ஏலத்தில் விட்ட ஹார்லிகள். சட்டத்தின் வண்டியை அறுத்துத்தான் சுதந்திரத்தின் வண்டியைச் செய்தார்கள். செய்தவர்கள் கிளிஃப் வாஸ், பென் ஹார்டி என்ற இரண்டு கறுப்பினக் கலைஞர்கள். உலகமே அந்த வண்டியை அறிந்தது; இந்த இருவர் பெயரையும் சொல்ல ஆளில்லாமல் பல பத்தாண்டுகள் போயின. வெட்டியவன் கை யாருக்கு நினைவிருக்கிறது?

தொழிற்சாலை சும்மா இருக்குமா? 1971-இல் நிறுவனக் குடும்பத்துப் பேரனான வில்லி ஜி. டேவிட்சன், பெரிய டூரிங் வண்டியின் சட்டத்தில் சின்ன ஸ்போர்ட்ஸ்டரின் முன்பகுதியைப் பொருத்தி, செல்ஃப் ஸ்டார்ட்டரையும் எடுத்துவிட்டு, ‘சூப்பர் கிளைடு’ என்று கடையிலேயே விற்க வைத்தார். கொல்லைப்புறத்தில் செய்த கலகத்துக்கு ரசீது கிடைக்கத் தொடங்கியது. (இந்த நிறுவனமே 1903-இல் பத்துக்குப் பதினைந்து அடி மரக்கொட்டகையில், ஒரு வீட்டுக் கொல்லையில்தான் பிறந்தது என்பது வேறு கதை.) ஒரு காலத்தில் நெருப்பை வைத்து அறுத்ததை, இப்போது ஒரு குமிழைத் திருகிச் செய்துவிடலாம்.

எனக்கு முதலில் இளக்காரமாகத்தான் இருந்தது. காசிக்குப் போய்வந்தால் பிடித்ததொன்றை விட்டுவிட வேண்டும் என்பார்கள். எங்கள் சொந்தத்தில் ஒருவர் பாகற்காயை விட்டார். அந்த ஜாதிதான் இந்தத் துறவும் என்று தோன்றியது. ஞாயிறு மாலை கழற்றுவது, திங்கள் காலை மாட்டுவது.

“கனம் குறைந்துவிட்டதா?” என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே, “நீங்களே பிடித்துப் பாருங்கள்” என்று ஹேண்டிலை என் கையில் கொடுத்து ஸ்டாண்டை எடுத்துவிட்டார். தோள்பட்டை வரை இறங்கியது கனம். பெட்டியும் கண்ணாடியுமாக 325 கிலோவை ஒட்டிய வண்டி. அவை போனால் குறைவது அதில் சொற்பம். இன்ஜினும் அதே இன்ஜின். 1690 சி.சி., 45 டிகிரியில் விரிந்த இரண்டு சிலிண்டர்கள், இரண்டின் கனெக்டிங் ராடும் ஒரே கிராங்க் பின்னில். அதனால் ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே 315 டிகிரி, அதற்கடுத்ததற்கு 405 டிகிரி. நொண்டியடிப்பது போன்ற அந்தத் துடிப்பு, உடை போட்டாலும் களைந்தாலும் மாறாது.

அப்படியானால் அவர் எதை இறக்கி வைத்தார்? தரையில் கிடந்த பெட்டிகளை எட்டிப் பார்த்தேன். மழைக்கோட்டு, பஞ்சர் ஒட்டும் சாமான், டார்ச், மாற்றுக் கையுறை, எப்போதோ மடித்து வைத்த வரைபடம். ஒருவேளை மழை வந்தால், ஒருவேளை இருட்டிவிட்டால், ஒருவேளை வழி தப்பினால். நம் வீட்டுப் பரண்களிலும் வேறென்ன இருக்கிறது? ஒரு மணி நேரத்துக்கு அந்த ‘ஒருவேளை’களை வீட்டில் விட்டுவிட்டுப் போகப் போகிறார், அவ்வளவுதான்.

குனிந்து பார்த்தபோதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. பெட்டி போன பிறகும் அது உட்கார்ந்திருந்த முளைகள் வண்டியிலேயே துருத்திக்கொண்டு நின்றன. சாப்பர்காரன் இவற்றைத்தான் முதலில் அறுத்திருப்பான். ஆனால் ஒரேயடியாக அறுத்து எறிந்தவனுக்கு அன்றோடு தீர்மானம் முடிந்துவிட்டது. மழை வந்தால் நனைவான். அதில் அவனுக்குக் கேள்வியே இல்லை. முளையை விட்டு வைத்திருப்பவனுக்குத்தான் கேள்வி தினமும் வருகிறது. திரும்ப மாட்டிக்கொள்ளலாம் என்று தெரிந்தே, இன்றைக்கு வேண்டாம் என்று ஒவ்வொரு மாலையும் அவன் புதிதாகச் சொல்ல வேண்டும். குடும்பத்தில் இருந்துகொண்டே எதையாவது விட முயன்றவர்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியும். காட்டுக்குப் போனவனைக் கும்பிடுகிறோம். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் வழியே போகாமல் இருப்பவனை யாரும் கவனிப்பதுகூட இல்லை. பாகற்காய் நினைப்பு கொஞ்சம் கூச்சமாகிவிட்டது.

அவர் கிளம்பிப் போனார். தெருக்கோடி திரும்பிய பிறகும் அந்த நொண்டித் துடிப்பு காதில் இருந்தது. கராஜ் சுவரில் சாய்த்திருந்த கண்ணாடியில் போன பயணத்தின் பூச்சிகள் அப்பிக் கிடந்தன.

அரை மணி ஆகியிருக்காது. ஏரிப் பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வந்து பொத்துக்கொண்டு ஊற்றியது. தெப்பலாக நனைந்து திரும்பினார். சூடான சைலன்சரில் துளிகள் விழுந்து சுர்ரென்று ஆவியாகிக்கொண்டிருந்தன. என்னைப் பார்த்து, கராஜுக்குள் காய்ந்து கிடந்த பெட்டியைக் கைகாட்டி விழுந்து விழுந்து சிரித்தார். மழைக்கோட்டு அதற்குள்தான் இருந்தது.