வயதின் மேல் போடும் பழி

திருவண்ணாமலையில் மௌனத்துக்கு மரியாதை உண்டு. 1896இல் 16 வயதில் இங்கு வந்து பேசாமல் அமர்ந்த இளைஞரைத்தான் பின்னாளில் ரமணர் என்று உலகம் அறிந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து அவரை வீட்டுக்கு அழைத்துப்போக வந்த தாய் அழகம்மாள் அழுதார். அந்த மௌனத்தைப் பற்றி நூல்கள் பல இருக்கின்றன. அந்த அழுகைக்கு அவற்றில் சில வரிகள்தான் கிடைத்தன.

பேசாத துறவியைக் கண்டால் கைகூப்பும் இந்த ஊரில், என் அம்மா பேச்சைக் குறைத்தபோது 'வயசாச்சு' என்றோம். அப்பா இறந்தபின் செங்கம் பக்கத்தில் இருந்த வீட்டை விற்றுவிட்டு அம்மாவை என்னிடம் அழைத்து வந்திருந்தோம். கை கால் குடைச்சல், நெஞ்செரிச்சல், தூக்கமில்லை என்பாள். மனசு சரியில்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை. பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்தாள். கார்த்திகை தீபத்தன்று தெருவே மொட்டைமாடியில் நிற்க, அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

ஸ்கேன் எடுத்தோம். மூளை சற்றுச் சுருங்கியிருக்கிறது, ஆங்காங்கே வெண்புள்ளிகள் தெரிகின்றன என்றார் மருத்துவர். எங்களுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைப் பற்றித்தான் இக்கட்டுரை.

முதுமையில் வரும் மனச்சோர்வுக்கும் மூளைக்கும் தொடர்பு உண்டு. பல ஆண்டு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் மூளையின் நுண்ணிய ரத்தக்குழாய்களைக் கெடுக்கும்போது, திட்டமிடும் முன்பகுதியை உணர்ச்சிகளைக் கையாளும் உட்பகுதிகளோடு இணைக்கும் நரம்பிழைகள் சேதமடைகின்றன. அந்த வெண்புள்ளிகள் பெரும்பாலும் இந்தச் சேதத்தின் தடங்கள். நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதி, நெடுநாள் மனச்சோர்வு உள்ளவர்களிடம் சிறுத்துக் காணப்படுவதுண்டு. மனச்சோர்வு மறதிநோய்க்கு முன்னறிகுறியாக வரலாம், அதற்கு வழிவகுக்கவும் செய்யலாம். சிலரிடம் மறதிபோலத் தோன்றுவதே மனச்சோர்வுதான். சிகிச்சையில் அது தெளிகிறது. இதில் எதையும் 'வயசாச்சு' என்ற ஒரு சொல்லால் பிரித்தறிய முடியாது.

ஆனால் மூளைதான் காரணம் என்று ஆனதும் நாங்கள் எல்லோரும் குற்றத்திலிருந்து விடுபட்டோம். அம்மாவின் முறையீடுகள் நோயின் அறிகுறிகளாகிவிட்டன. அறிகுறிக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லையே. இதற்கு எதிரான தவறும் உண்டு. 'தனிமைதான், பேரப்பிள்ளைகளோடு இருந்தால் சரியாகும்' என்று மருத்துவத்தை மறுப்பது. முதலாவது அவள் சொல்லைப் பறிக்கிறது. இரண்டாவது அவள் சிகிச்சையை.

மூளை வேறு, வாழ்க்கை வேறு என்று நினைப்பதால்தான் இரண்டு தவறும் நேர்கின்றன. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதத்தினருக்கு மறதிநோய் இருப்பதாக 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம். படிப்பு குறைந்தவர்களிடமும் அதிகம். 2024இல் லான்செட் ஆணையம் வெளியிட்ட 14 ஆபத்துக் காரணிகளில் குறைந்த கல்வியும் இருக்கிறது, மனச்சோர்வும் இருக்கிறது. வயதுக்கு வந்ததும் ஆறாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள் என் அம்மா. அவள் மூளையில் எந்தப் புள்ளி எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு தலைமுறைப் பெண்களைப் பள்ளியிலிருந்து நிறுத்தியது அவர்களுடைய முதுமை வரை தொடர்ந்து வருகிறது என்பதை அந்த எண்கள் சொல்கின்றன. உடலில் தெரிகிறது என்பதற்காக அநீதி இயற்கையாகிவிடாது.

மனநல மருத்துவர் மாத்திரை கொடுத்தார், ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்கச் சொன்னார், தினமும் நடக்கச் சொன்னார். இரண்டு மாதத்தில் அம்மா தூங்கினாள், சாப்பிட்டாள். வாசலில் மறுபடி கோலம் போட்டாள். அம்மா பழையபடி ஆகிவிட்டாள் என்று தம்பிக்குப் போனில் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டே வந்தவள் எதிரே உட்கார்ந்தாள்.

"யாரக் கேட்டு அந்த வூட்ட வித்தீங்க?"

அவள் நோயிலிருந்து மீண்டதற்கு அதுதான் அடையாளம். அந்தக் கேள்விக்கு மாத்திரை இல்லை. விற்பனைப் பத்திரத்தில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இந்தமுறை என்னால் 'வயசாச்சு' என்று சொல்ல முடியவில்லை.